மகளிர் குழுவில் அடுத்த ஊக்குநரை வளர்த்தெடுப்பது: ஒரு வருடத் திட்டம்

பல மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஊக்குநர், அதாவது குழுவை நடத்திச் செல்லும் தலைவி, மாறுவதே இல்லை. குழு தொடங்கிய நாளில் யார் பெயரை எழுதினார்களோ, அவர் பெயர்தான் இன்றும் பாஸ்புக்கில் இருக்கும். வங்கி மேலாளருக்கும் அவர் முகம்தான் தெரியும். அவர் நேர்மையானவர், உழைப்பவர் என்றாலும் இது குழுவுக்கு ஆபத்துதான். மகள் பிரசவத்துக்கு அவர் மூன்று மாதம் வெளியூர் போனால் உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடன்) நின்றுவிடும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூட்டமே நின்றுவிடும். நேர்மை குறைந்தவராக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம்: ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்கிய கடன், கையெழுத்து மட்டும் இருக்கும் வெற்றுத் தீர்மானப் பக்கங்கள்.

புதிதாக ஊக்குநர் பொறுப்புக்கு வந்தவர்களையும், குழுக்களைக் கவனிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் யாரும் ஊக்குநர் ஆகிவிடுவதில்லை. பணப்பெட்டி, கணக்கு நோட்டு, பாஸ்புக், கூட்டத்தில் முதலில் பேசும் உரிமை, இவை நான்கும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால்தான் பொறுப்பும் போனதாகக் கணக்கு. எதை எப்போது யாரிடம் கொடுப்பது என்பதுதான் விஷயம். கணக்குக்காக, 15 பேர் உள்ள குழு, வாரம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் விதிமுறை நோட்டைத் திறங்கள்

தமிழ்நாட்டில் இந்தக் குழு முறை 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. 1997-98இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. இன்று குழுக்களை அளக்கும் அளவுகோலான பஞ்சசூத்திரத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், தவணை தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. தலைமை மாற்றம் இந்த ஐந்தில் தனியாக இல்லை. அதனால்தான் மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்காக இருக்கும் குழுகூட இதை மட்டும் மறந்துவிடுகிறது.

உங்கள் குழுவின் விதிமுறையில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் (ஊக்குநரோடு பொறுப்பில் இருக்கும் இரண்டு உறுப்பினர்கள்) எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் அதன்படி ஒரு தேதியைக் குறியுங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் பேசி இரண்டு வருடம் என்று தீர்மானம் போடுவது நல்லது. ஒரு வருடம் என்று வைத்தால், வங்கியில் கையெழுத்து மாற்றி, வேலை பிடிபடுவதற்குள் பாதிக் காலம் போய்விடும். மூன்றைத் தாண்டினால் அது பதவி ஆகிவிடும், இறங்க மனசு வராது.

தேதி குறிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வங்கிக் கடன் மனு நிலுவையில் இருக்கும் நேரத்தில் மாற்றம் வேண்டாம். மனுவில் ஒரு பெயர், கணக்கில் வேறு பெயர் என்று கோப்பு அப்படியே கிடக்கும். அதேபோல ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்ற முறையில் கணக்கு இருந்து, பழையவர்களில் இருவர் தொடர்ந்தால், இடைப்பட்ட வாரங்களில் பணம் எடுப்பது தடைபடாது.

நால்வரைத் தேர்ந்தெடுங்கள், ஒருவரை அல்ல

“எனக்கு அப்புறம் இவதான்” என்று ஊக்குநர் ஒருவரைக் காட்டினால் அன்றைக்கே இரண்டு கட்சி உருவாகிவிடும். மாற்றத்துக்கு ஒரு வருடம் முன்பு நான்கு பேரைப் பழகுநர்களாக எடுத்துக்கொள்ளுங்கள். நால்வரில் இருவர் தேறுவார்கள். மீதி இருவர் ஊக்குநர் ஆகாவிட்டாலும் கணக்குத் தெரிந்த உறுப்பினர்களாக இருப்பார்கள். தப்பு நடந்தால் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான்.

யார் அந்த நால்வர்? கூட்டத்தில் அதிகம் பேசுபவர்களைத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அவசரப்படாதீர்கள். தீர்மான நோட்டின் வருகைப் பக்கங்களையும் கடன் பதிவேட்டையும் ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு வருபவர் யார், டியூ தவறும்போது முதல் நாளே வந்து சொல்பவர் யார் என்பது அதில் தெரியும். பிறகு, தெருவில் ஏதாவது சிக்கல் என்றால் மற்றப் பெண்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவர் பெயர் வரும்.

கட்டாயமாகப் பார்க்க வேண்டியவை: ஒரே குடும்பத்தில் இருவர் வேண்டாம் (மாமியார் இறங்கி மருமகள் ஏறினால் அது மாற்றம் ஆகாது). குழுவில் இரண்டு தெருப் பெண்கள் இருந்தால் நால்வரில் இரண்டு தெருவும் இருக்க வேண்டும். தெரு என்றால் பெரும்பாலும் சாதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவராவது இருக்கட்டும். கூலி வேலைக்குப் போகிற ஒருவராவது இருக்கட்டும்.

தேர்வை வெளிப்படையாகக் கை தூக்கிச் செய்தால், கடன் கொடுத்தவர், நிலம் வைத்திருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கை உயரும். விருப்பம் உள்ளவர்கள் ஆளுக்கொரு டப்பா வைத்து, ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு படத்தை ஒட்டி (பூ, பானை, குடை), ஒரு மறைவில் வையுங்கள். ஒவ்வொருவரும் நான்கு புளியங்கொட்டையை எடுத்துப்போய் தனக்குப் பிடித்த நான்கு டப்பாக்களில் ஒவ்வொன்றாகப் போடட்டும். எண்ணுவது எல்லோர் முன்னாலும் நடக்கட்டும். மொத்தக் கொட்டை 60 வர வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ மறுபடியும்.

ஏழைப் பெண் ஏன் ஊக்குநர் ஆவதில்லை

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஊக்குநர் பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது. வங்கிக்கு ஒரு நாள், ஊராட்சியில் உள்ள குழுக்களின் கூட்டமைப்புக்கு ஒரு நாள், ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு நாள் என்று மாதம் இரண்டு மூன்று நாள் போகும். நாற்று நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போகிறவருக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய வருகையும் போச்சு. அதனால் “எனக்கு வேணாம்க்கா, நீங்களே பாத்துக்குங்க” என்பார். அதைக் கேட்டு, அவருக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவைத்துவிடுகிறோம். வீட்டில் கடையோ, கணவருக்கு மாதச் சம்பளமோ இருக்கிறவரே திரும்பத் திரும்ப ஊக்குநர் ஆவதற்கு இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய மூன்று தீர்மானங்கள் போதும். ஒன்று, வெளி வேலைக்குப் போகிறவருக்குப் பஸ் கட்டணமும் டீச் செலவும் குழுப் பணத்திலிருந்து அன்றைக்கே கொடுக்க வேண்டும், மாதக் கடைசியில் அல்ல. இரண்டு, அரை நாளுக்கு மேல் ஆனால் கூலி இழப்புக்கு ஒரு தொகை; அது எவ்வளவு என்பதைக் குழுவே முடிவு செய்து எழுதிவைக்கட்டும். வட்டி வருமானத்திலிருந்து இதைக் கொடுக்கலாம், சேமிப்பில் கை வைக்கக் கூடாது. மூன்று, வெளி வேலைகளை ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் சுழற்சியில் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் செலவைத் தண்டம் என்று நினைக்கும் உறுப்பினர்கள் இருப்பார்கள். ஒரே ஆள் பத்து வருடம் கேள்வி கேட்பாரில்லாமல் பணத்தைக் கையாள்வதற்கு ஆகும் செலவு இதைவிட அதிகம் என்று சொல்லிப் பாருங்கள்.

கூட்ட நேரமும் இடமும் இதே கணக்கில்தான் வரும். பகல் 11 மணிக் கூட்டம் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் பெயருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். பால் ஊற்றும் நேரமும் அடுப்பு மூட்டும் நேரமும் தவிர்த்து மாலையில் வையுங்கள். ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் நடந்தால் அது அவர் வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிடும். சிலர் ஏறி உட்காரத் தயங்கும் கோயில் வாசலும் வேண்டாம். அங்கன்வாடி, பள்ளி, சமுதாயக் கூடம், எல்லோருக்கும் பொதுவான மரத்தடி, இவற்றில் ஒன்று. எல்லோரும் பாயில், வட்டமாக. நாற்காலி போட்டால் உடம்பு முடியாதவர்களுக்குப் போடுங்கள், பதவிக்குப் போடாதீர்கள். டீ வந்தால் ஒரே மாதிரி டம்ளரில் வரட்டும்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கென்று தனிக் குழு அமைத்தால் 5 பேர் இருந்தாலே போதும் என்று விதி இருக்கிறது. அந்த விதியைக் காட்டி, பொதுக் குழுவில் இருக்க விரும்புகிறவரை வெளியே அனுப்பக் கூடாது. நடக்கச் சிரமப்படுகிற ஒருவர் கணக்கு நோட்டை மிக நன்றாகப் பார்த்துக்கொள்வார். கூட்டம் அவர் தெருவில் நடந்தால் போதும்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

பழகுநர்கள் நீங்கள் சொல்வதில் பாதியை மறப்பார்கள், செய்வதை முழுதாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு வருடத்துக்குச் சில பழக்கங்களை விடாமல் வைத்திருங்கள். உங்கள் சேமிப்பும் உங்கள் கடன் டியூவும்தான் முதலில் எண்ணப்பட வேண்டும், மற்றவர்கள் கண் முன்னால். தாமதமாக வந்தால் 10 ரூபாய் அபராதம் என்று விதி இருந்தால், நீங்கள் ஐந்து நிமிடம் பிந்தினாலும் பத்து ரூபாயை எடுத்துப் பாயில் வையுங்கள். “வங்கியிலிருந்து வந்தேன்” என்று காரணம் சொல்லாதீர்கள். உங்களுக்குக் கடன் வேண்டுமென்றால் அந்தக் கோரிக்கையை விவாதிக்கும்போது கூட்டத்தை வேறு ஒருவர் நடத்தட்டும், நீங்கள் எழுந்து வெளியே போங்கள். இதை ஒரு முறை செய்து காட்டினால் அடுத்து வருகிறவருக்கு அதைத் தவிர்க்கத் துணிச்சல் வராது.

யார் பெயரையும் குறைத்துக் கூப்பிடாதீர்கள். மூத்தவர்களை அக்கா, அம்மா என்று சொல்லிவிட்டு, வேறு தெருவில் இருந்து வருகிற அதே வயதுப் பெண்ணை வெறும் பெயரால் “வாடி போடி” என்பது பல குழுக்களில் உள்ள பழக்கம். அப்படிக் கூப்பிடப்பட்டவர் நாளைக்கு எப்படிக் கூட்டத்தை நடத்துவார்?

இன்னொன்று: வசூல். டியூ தவறியவர் வீட்டு வாசலில் நான்கு பேர் போய் நின்று சத்தம் போடுவதைப் பழகுநர் பார்த்தால், தலைமை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொள்வார். முதல் தவறலுக்கு ஒருவர் மட்டும் போய், உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்பது. இரண்டாவதுக்குக் கூட்டத்தில் பேசி தவணையைச் சின்னதாக மாற்றுவது. பழகுநரை முதல் வகைக்குக் கூட்டிப்போங்கள்.

கூட்டத்தில் எந்த வேலை, எந்த மாதம்

கூட்டத்தின் வரிசை எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வருகைப் பதிவு, போன கூட்டத் தீர்மானத்தை வாசிப்பது, சேமிப்பு வசூல், கடன் அசலும் வட்டியும் வசூல், புதுக் கடன் கோரிக்கை, மற்ற விஷயங்கள், பணம் எண்ணுவது, தீர்மானம் வாசித்துக் கையெழுத்து. இதை அப்படியே துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

முதல் மூன்று மாதம் நால்வரும் ஆளுக்கொரு சின்ன வேலை செய்யட்டும்: ஒருவர் வருகை, ஒருவர் சேமிப்பு வசூல், ஒருவர் அசல் வட்டி வசூல், ஒருவர் பணம் எண்ணுவது. வாரா வாரம் மாற்ற வேண்டாம். ஒருவருக்கு மூன்று வாரம் ஒரே வேலை, பிறகு அடுத்த வேலை. 12 வாரத்தில் நால்வரும் நான்கையும் செய்திருப்பார்கள்.

நான்காம் மாதத்திலிருந்து கூட்டம் நடத்துவது. ஒவ்வொரு வாரமும் ஒரு பழகுநர் நடுவில் உட்காருவார், ஊக்குநர் வட்டத்தில் எதிர்ப்பக்கம் போய் உட்காருவார். பக்கத்தில் உட்காரக் கூடாது. பக்கத்தில் இருந்தால் எல்லோர் கண்ணும் ஊக்குநரையே தேடும், அவரும் காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார். யாராவது பழக்கத்தில் “அக்கா, எனக்கு ஐயாயிரம் வேணும்” என்று ஊக்குநரைப் பார்த்துக் கேட்டால், அவர் செய்ய வேண்டியது பழகுநரைக் கையால் காட்டுவது மட்டும். நான்கைந்து வாரம் இது சங்கடமாகத்தான் இருக்கும். பேச்சு தடுமாறும், கூட்டம் அரை மணி நேரம் கூடுதலாக இழுக்கும். குறுக்கே போகாதீர்கள். பணம் தவறாகப் போகப்போகிறது என்றால் மட்டும் நிறுத்துங்கள். மற்றத் தவறுகளை மறுநாள், தனியாக, இரண்டு விஷயத்துக்கு மேல் போகாமல் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் திருத்தினால் அடுத்த வாரம் அவருக்குத் “தலைவலி” வந்துவிடும்.

பேசாதவர்களைப் பேசவைக்கும் பொறுப்பையும் கூட்டம் நடத்துகிறவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் அதே மூன்று பேர்தான் சொல்வார்கள். ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் வட்டத்தில் ஒரு சுற்று. ஒவ்வொரு வாரமும் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதிகம் பேசுகிறவர் அன்றைக்குக் கடைசி. ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். 15 பேருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கணக்கு: எழுதத் தெரியாதவரும் கற்கலாம்

ஊக்குநருக்கு எழுதத் தெரிந்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. எழுதுவதற்குத் தனியாக ஒருவர் இருக்கலாம். ஊக்குநருக்குத் தேவை கணக்கைப் புரிந்துகொள்ளும் திறமை. வட்டிக்கு வாங்கி, சந்தையில் விற்று வாழ்கிற பெண்களுக்கு அது ஏற்கனவே இருக்கிறது.

முதலில் கற்க வேண்டியது அன்றைய ரொக்கச் சரிபார்ப்பு. உதாரணத்துக்கு ஒரு கூட்டம்: போன வாரக் கையிருப்பு 320 ரூபாய். சேமிப்பு 15 பேர் × 50 = 750. கடன் அசல் திரும்பி வந்தது 2,000. வட்டி 180. மொத்தம் 3,250. புதுக் கடன் கொடுத்தது 3,000. பஸ், ஜெராக்ஸ் செலவு 60. மீதி 190 இருக்க வேண்டும். எழுதுகிறவர் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசிக்க, பழகுநர் பணத்தைப் பாயில் கூறு கூறாக வைத்து எண்ண வேண்டும். கடைசியில் பாயில் இருக்கும் பணமும் நோட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து. பத்து ரூபாய் இடித்தாலும் யாரும் கைக்காசு போட்டுச் சரிக்கட்டக் கூடாது. அப்படிச் செய்து பழகினால் பின்னால் ஆயிரம் ரூபாய் தவறும் அதே வழியில் மறையும். எங்கே தப்பு என்று தேடுங்கள். பெரும்பாலும் வட்டியை அசலில் சேர்த்து எழுதியிருப்பார்கள், அல்லது வராதவருக்கும் சேமிப்பு எழுதியிருப்பார்கள்.

அடுத்தது வட்டி. 5,000 ரூபாய் உள்கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை என்றால் மாதம் 500 அசல். முதல் மாத வட்டி 50. இரண்டாம் மாதம் மீதி அசல் 4,500, வட்டி 45. அப்படியே 40, 35 என்று இறங்கி பத்தாம் மாதம் 5 ரூபாய். மொத்த வட்டி 275. பல குழுக்களில் பத்து மாதமும் 50 ரூபாயே வாங்கி 500 ஆக்கிவிடுகிறார்கள். 225 ரூபாய் கூடுதல். யாரும் திருடவில்லை, மீதி அசலுக்குத்தான் வட்டி என்பது தெரியவில்லை. பத்துக் கூழாங்கல்லை வரிசையாக வைத்து, கல்லுக்கு 500 என்று சொல்லி, மாதம் ஒன்றை எடுத்துவிட்டு மீதிக் கல்லை எண்ணச் சொல்லுங்கள். கல்லுக்கு ஐந்து ரூபாய் வட்டி. பள்ளிக்கூடமே போகாதவரும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்.

கைநாட்டு வைக்கிறவர் பெயர் எழுதக் கற்றுக்கொள்ளட்டும். கூட்டம் முடிந்து பத்து நிமிடம், தீர்மான நோட்டின் பின்பக்கத்தில். ஒரு எச்சரிக்கை: வங்கியில் கைநாட்டு பதிந்திருந்தால், கையெழுத்துக்கு மாறியதை அங்கே தெரிவித்து மாற்றிக்கொண்ட பிறகுதான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

நோட்டுகள் ஒரு வீட்டில், பணப்பெட்டி இன்னொரு வீட்டில், சாவி மூன்றாவது வீட்டில் இருக்கட்டும். பெட்டியையும் சாவியையும் ஐந்தாம் மாதத்திலிருந்து பழகுநர்களிடம் சுற்றுக்கு விடுங்கள். பெரிய தொகையை எவர் வீட்டிலும் வைக்க வேண்டாம். கடன் கொடுத்தது போக மீதியை வங்கியில் கட்டிவிடுங்கள்.

கடன் கோரிக்கை வரும்போது

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம், இதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பெட்டியில் 3,000 இருக்கும், மூன்று பேர் ஆளுக்கு மூவாயிரம் கேட்பார்கள். ஒருவருக்குப் பள்ளிக் கட்டணம், ஒருவருக்கு ஆட்டுக்குட்டி, ஒருவருக்கு வெளியே வாங்கிய கந்துவட்டியை அடைக்க.

பழகுநருக்கு ஐந்து கேள்விகளைக் கொடுங்கள்: எதற்கு, எவ்வளவு, எப்போது வேண்டும், எத்தனை தவணை, பழைய கடன் எவ்வளவு நிற்கிறது. மூவரிடமும் அதே ஐந்து, அதே குரலில். தன் சொந்தக்காரரிடம் மூன்று கேள்வி, மற்றவரிடம் ஐந்து என்று போனால் கூட்டத்தில் இருப்பவர்கள் உடனே கவனிப்பார்கள். அதன்பின் முடிவை அவர் சொல்லாமல், வட்டத்தில் ஒரு சுற்றுக் கேட்க வேண்டும். எது முதலில் என்பதற்கு அவசரம் ஒரு அளவுகோல். இதுவரை ஒரு முறைகூடக் கடன் வாங்காதவர் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை மறக்கிற குழுக்களில் எல்லாக் கடனும் நான்கு பேரைச் சுற்றியே வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழகுநர்களை விட்டு ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள்: யார் யார் எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு. அதைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். வேறு எந்தப் பயிற்சியும் தராத தெளிவு இந்தப் பட்டியலில் கிடைக்கும்.

வங்கிக்குக் கூட்டிப்போவது

ஏழாம் மாதம் தொடங்கி, ஒவ்வொரு முறை வங்கிக்குப் போகும்போதும் ஒரு பழகுநர் கூட வர வேண்டும். முதல் முறை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது முறை செலான் நிரப்பி (அல்லது நிரப்பச் சொல்லி) பணம் கட்டட்டும். மூன்றாவது முறை பாஸ்புக் பதிந்து, ஒவ்வொரு வரியும் எந்தத் தீர்மானத்தைச் சேர்ந்தது என்று சொல்லட்டும். நான்காவது முறை கவுண்டரில் அவரே பேசட்டும், ஊக்குநர் பெஞ்சில் உட்காரட்டும். “யாரும்மா நீ, லீடர் எங்கே?” என்று கேட்பார்கள். “நானும் அந்தக் குழுதான் சார், இந்த மாசம் நான் பாக்கிறேன்” என்று பதில் சொல்லப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

போக்குவரத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்துக்குச் சமமாக அதுவும் அவர்களை வெளியே கொண்டுவந்தது. கணவரின் பைக்கில்தான் வங்கிக்குப் போக முடியும் என்றால், கவுண்டரிலும் கணவரே பேசுவார்.

கடன் விஷயத்தில் பழகுநர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, குழு தொடங்கிக் குறைந்தது 6 மாதம் முறையாக நடந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் குழுவின் கணக்கு நோட்டின்படி பார்க்கப்படும், வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. 10 லட்சம் ரூபாய் வரையான குழுக் கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கியும் வைக்கக் கூடாது. இதைத் தெரிந்தவர் நான்கு பேர் குழுவில் இருந்தால் ஒருவரை மட்டும் மிரட்டி அனுப்புவது கடினம்.

கூட்டமைப்பும் கிராம சபையும்

ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எப்போதும் ஊக்குநரே போவது வழக்கம். எட்டாம் மாதத்திலிருந்து ஒரு பழகுநரை அனுப்புங்கள். திரும்பி வந்து அங்கே பேசியதை மூன்று விஷயமாகக் குழுவில் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

கிராம சபை பேசிப் பழக நல்ல இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் நடக்கிறது. முதல் முறை எழுதிய மனு ஒன்றைக் கொடுத்துவிட்டு வரட்டும்: தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், அங்கன்வாடிக் கூரை, ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று. நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த சபையில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து கேட்கட்டும். கூட ஐந்தாறு பேர் போங்கள். தனியாக எழுந்து நின்றவரைக் கேலி பேசி உட்காரவைப்பது எளிது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிற மாநிலத்தில், இங்கே பேசிப் பழகியவர் நாளைக்கு வார்டு உறுப்பினராக நின்றால், அவருக்குப் பதில் கணவர் கூட்டத்துக்குப் போக வேண்டியிருக்காது. ஒன்று மட்டும்: தேர்தலில் நிற்கிறவர் குழுக் கணக்கை முதலில் ஒப்படைத்துவிட்டு நிற்கட்டும். குழுப் பணமும் தேர்தல் செலவும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

கைமாற்றும் மாதம்

பதினொன்றாம் மாதம் மறுபடியும் புளியங்கொட்டை, இந்த முறை ஒருவருக்கு ஒரு கொட்டை. யார் என்று முடிவானதும் கீழே உள்ளவற்றை ஒரே வாரத்துக்குள் முடியுங்கள்:

1. புதுப் பொறுப்பாளர்களின் பெயர், விலகுகிறவரின் பெயர், தேதி, கையெழுத்துப் போடும் முறை ஆகியவற்றுடன் தீர்மானம். எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தும்.
2. தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், பான் அட்டை (இல்லாதவர்களுக்குப் படிவம் 60), புகைப்படம். பொறுப்பாளர்களின் ஆவணங்கள் போதும்; சேமிப்புக் கணக்குக்காக 15 பேருடைய ஆவணத்தையும் கேட்டால், ரிசர்வ் வங்கி விதி அப்படிச் சொல்லவில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.
3. வங்கிக் கணக்கில் உள்ள கைபேசி எண்ணை மாற்றுவது. இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். குறுஞ்செய்தி பழைய ஊக்குநரின் போனுக்கோ, அவர் கணவரின் போனுக்கோ போய்க்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.
4. குழு விவரங்களைப் பதியும் லோகோஸ் செயலியில் பொறுப்பாளர் பெயர் மாற்றம். கூட்டமைப்பின் கணக்காளரிடமோ சமுதாய வளப் பயிற்றுநரிடமோ சொன்னால் செய்வார்கள்.
5. ஒப்படைப்புப் பட்டியல்: எத்தனை நோட்டுகள், பாஸ்புக், காசோலைப் புத்தகத்தில் எத்தனை தாள் மீதி, முத்திரை, பெட்டி, சாவி, கையிருப்பு. இருவரும் கையெழுத்து, ஒரு பிரதிநிதி சாட்சி.

வங்கியில் மாற்றம் பதிவான பிறகு மூன்று மாதம் பழைய ஊக்குநர் சாதாரண உறுப்பினராகவே கூட்டத்துக்கு வர வேண்டும். வராமல் இருந்தாலும் தப்பு, வந்து ஒவ்வொன்றுக்கும் கருத்துச் சொன்னாலும் தப்பு. கேட்டால் மட்டும் பதில். உறுப்பினர்கள் அவர் வீட்டுக்கே போய்க் கடன் கேட்பார்கள். “புது ஊக்குநரிடம் கேள்” என்று அனுப்பிவிட வேண்டும். அவருடைய அனுபவத்துக்குக் கூட்டமைப்பிலோ பக்கத்து ஊரில் புதிதாகத் தொடங்கும் குழுவிலோ வேலை இருக்கிறது.

பாதியில் தடுமாறினால்

புதியவர் இரண்டு கூட்டம் தொடர்ந்து வரவில்லை என்றால் பதவி நீக்கம் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் என்ன நிலைமை என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கூலி போகிறது, கணவர் இரவுக் கூட்டத்துக்கு விடவில்லை, அல்லது கணக்கில் ஒரு தப்பு நடந்து அதைச் சொல்லப் பயம். முதலாவதுக்கு மேலே சொன்ன கூலித் தீர்மானம் நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதுக்கு இரண்டு மூத்த உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி, கூட்ட நேரத்தை மாற்றுங்கள். மூன்றாவது என்றால் நோட்டை எடுத்து, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாஸ்புக்கோடு தேதி தேதியாக ஒப்பிடுங்கள். எண் பிழை என்றால் அடுத்த கூட்டத்தில் சொல்லித் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். பணம் எடுத்துச் செலவாகியிருந்தால் அதே கூட்டத்தில் தொகையைச் சொல்லி, திருப்பும் தவணையைத் தீர்மானமாக எழுதி, பணப்பெட்டியை அன்றைக்கே இன்னொரு பழகுநரிடம் கொடுக்க வேண்டும். மீதி மூவர் பழகியிருப்பதால் அடுத்த வாரக் கூட்டம் வழக்கமான நேரத்துக்கே நடக்கும்.